நகம் வெட்டவா மூன்று வருடப் பட்டப்படிப்பு?



பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிக்கும்போது, "டாக்டருக்கு", "நர்ஸிங்", "பிசியோதெரபி" என்று பதில் வந்தால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. "பொடியாட்ரி" என்று ஒரு பிள்ளை சொன்னால் பலர் விழிக்கிறோம். "பாத மருத்துவம், கால்களைப் பார்க்கிற படிப்பு" என்று விளக்கினாலும், "நகம் வெட்டவும் கால் ஆணி எடுக்கவுமா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை காண்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். இப்படிப்பு நெடுங்காலமாக முறைப்படி வளர்ந்துள்ள பிரிட்டனில் மாணவர்கள் என்ன கற்கிறார்கள், ஏன் கற்கிறார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம். அந்தப் பாடங்களில் மிக முக்கியமான ஒன்று நம் வேலூர்ப் பக்கத்திலிருந்து போனது என்பதையும் இடையில் காண்போம்.

1. பெயரும் தொழிலும்

இத்தொழிலுக்குப் பிரிட்டனில் முன்பு வழங்கிய பெயர் "கைரோபொடி". சந்தையிலும் கடைத்தெருவிலும் கால் ஆணி எடுப்பவர்கள் செய்துவந்த கைத்தொழிலாக அது இருந்தது. 1912-ல் லண்டனில் இத்தொழிலாளர்கள் ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே ஏழைகளுக்கென்று ஒரு கால் மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் லண்டன் பாத மருத்துவமனையாக வளர்ந்தது. 1945-ல் பல சங்கங்கள் ஒன்றாக இணைந்தன. 1960-ல் வந்த சட்டம் இத்தொழிலை அரசுப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு 2021-ல் "ராயல்" என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றது.

இன்று பிரிட்டனில் "பொடியாட்ரிஸ்ட்", "கைரோபொடிஸ்ட்" என்ற இரண்டு பெயர்களும் சட்டப் பாதுகாப்பு உடையவை. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, சுகாதாரத் தொழில்களுக்கான அரசுப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவர் மட்டுமே அப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு செய்யாதவர் போட்டுக்கொண்டால் அது குற்றம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பாத நலப் பணியாளர்" என்ற பொருளில் அங்கே வழங்கும் வேறொரு பெயருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களும் அப்பெயரில் நகம் வெட்டுவது, காய்ப்பு எடுப்பது போன்ற பணிகளைச் செய்கிறார்கள். ஆரோக்கியமான கால்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் எந்தக் கால் ஆரோக்கியமானது, எந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று யார் சொல்வது? படிப்பின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

2. முதல் ஆண்டு: இருபத்தாறு எலும்புகள்

இங்கிலாந்தில் இப்பட்டப்படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டுகள். கிளாஸ்கோ கலிடோனியன், கார்டிஃப் மெட்ரோபாலிடன், அல்ஸ்டர் முதலிய பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

முதல் ஆண்டின் பெரும்பகுதி உடற்கூறு, உடலியக்கம் ஆகியவற்றுக்குப் போகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள். உடம்பில் உள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு நம் கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது! பெருவிரலின் அடியில் பட்டாணி போன்ற இரண்டு சிற்றெலும்புகள் தசைநாருக்குள் பதிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு அடியிலும் உடலின் பாரம் அவற்றின்மேல் உருண்டுதான் முன்னே செல்கிறது.

அடுத்தது நடை. குதிகால் தரையைத் தொடுவது, பாதம் தட்டையாக இறங்குவது, குதிகால் எழும்புவது, பெருவிரல் தரையை உந்துவது என்று ஒரே அடியை மாணவர்கள் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பாரம் எந்த இடத்தில் அதிகமாக விழுகிறது, ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள். கழற்றிவைத்த செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே அதை அணிந்தவரின் நடையைச் சொல்லும் அளவுக்கு அவர்கள் கண் தேர்கிறது.

கால் ஆணியும் காய்ப்பும் ஏன் வருகின்றன என்பதும் இங்கே புரிகிறது. தோல் தன்னைக் காத்துக்கொள்ளவே தடிக்கிறது. ஓர் இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்தால் அங்கே தோல் காய்த்துப்போகும். காய்ப்பை மட்டும் சீவி எடுத்துவிட்டு அழுத்தத்தை அப்படியே விட்டால், சில வாரங்களில் அது திரும்ப வந்து நிற்கும். காய்ப்பு என்பது பாதம் எழுதிவைத்த ஒரு குறிப்பு. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

3. கத்தி பிடிக்கும் கை

இப்படிப்பை ஏட்டில் மட்டும் படித்து முடிக்க முடியாது. பட்டம் பெறுவதற்குள் ஏறத்தாழ 1000 மணி நேரம் நோயாளிகளோடு பணியாற்ற வேண்டும். பல்கலைக்கழகமே நடத்தும் கால் மருத்துவ நிலையங்களிலும், பின்னர் அரசு மருத்துவமனைகளிலும் ஆசிரியரின் கண்காணிப்பில் இப்பயிற்சி நடக்கிறது.

அறுவைக் கத்தியால் காய்ப்புத் தோலை மெல்லிய ஏடுகளாகச் சீவி எடுப்பது முதலில் கற்கும் கைவேலை. உயிருள்ள தோலைத் தொடாமல் இறந்த தோலை மட்டும் எடுக்க வேண்டும். இரத்தம் ஒரு துளியும் வரக்கூடாது. எவ்வளவு ஆழம் என்று விரல் நுனிக்குத் தெரியும் வரை பழகுகிறார்கள்.

சதைக்குள் வளர்ந்த நகத்துக்குச் செய்யும் சிறு அறுவை சிகிச்சையும் பாடத்தில் உண்டு. விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தைக் கீற்றாக எடுத்து, அது முளைக்கும் வேர்ப்பகுதியில் ஃபீனால் என்னும் மருந்தைத் தடவுகிறார்கள். அந்த ஓரத்தில் நகம் மீண்டும் முளைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சீழ் கட்டித் துன்பப்பட்டவர் அன்றைக்கே நடந்து வீடு போகிறார். பட்டத்துக்குப் பின் மேற்பயிற்சி பெற்ற பொடியாட்ரிஸ்டுகள் தாமாகவே மருந்து எழுதிக் கொடுக்கவும் பிரிட்டனில் 2013-ல் சட்டம் இடம் கொடுத்தது.

இதுவரை சொன்னவை வலியோடு வருபவர்களைப் பற்றியவை. வலி இருப்பவர் தானே உதவி தேடி வருவார். இப்படிப்பின் கடினமான பகுதி வலி இல்லாமல் வருபவரைப் பற்றியது.

4. வலி இல்லாத கால்

நீரிழிவு நெடுநாள் நீடித்தால் நரம்புகளின் நுனிகள் பழுதுபடுகின்றன. உடலின் மிக நீளமான நரம்புகள் கால்விரல்களுக்குப் போகிறவை. ஆகவே முதலில் மரத்துப்போவது கால்விரல்களே. செருப்புக்குள் கல் கிடந்தாலும், கொதிக்கும் தாரில் கால் வைத்தாலும் தெரியாது. வலிக்காததால் அவர் அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். புண் ஆழமாகி எலும்பைத் தொட்டபின், துர்நாற்றம் வீசும்போதுதான் வீட்டார் கவனிப்பார்கள். அப்போது சில நேரங்களில் விரலை அல்லது காலையே எடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

இந்தப் பாடத்தின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குக் காட்டினார். தொழுநோயாளிகளின் கைகால்கள் "அழுகி விழுகின்றன" என்றே அக்காலத்தில் மருத்துவர்களில் பலரும் நம்பியிருந்தார்கள். பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளோடு இருந்து, ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று நாள்தோறும் விசாரித்தார்கள். கிடைத்த விடை எளியது. நோய் நரம்பைக் கெடுத்து வலியுணர்வைப் போக்கிவிடுகிறது. அதன்பின் சூடான பாத்திரமும், முள்ளும், ஆணியும், ஓயாத நடையும் கைகால்களைச் சிதைக்கின்றன. சதை கெட்ட சதை அல்ல; காவலாள் இல்லாத சதை.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. புண் ஆறினபின் மறுபடி வராமல் காக்க ஏற்ற செருப்பு வேண்டும். மென்மையும் உறுதியும் கொண்ட மைக்ரோ செல்லுலார் ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. நம் ஊரில் இன்றும் "எம்.சி.ஆர். செருப்பு" என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் இப்பணியில் பெரும்பங்கு வகித்தது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் தொழுநோயாளிகளின் பாதங்களில் கண்டதையே நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களிலும் அங்கே கண்டார். நோய் வேறு, மரத்துப்போன பாதத்தின் கதி ஒன்றே. மரத்த பாதத்துக்கு நான்கு விதங்களில் கேடு வருகிறது என்று அவர் வழியில் வந்தவர்கள் கற்பிக்கிறார்கள்:

அ) ஆணி, கண்ணாடித் துண்டு, நெருப்பு போன்றவற்றால் ஒரே நொடியில் வரும் காயம்.

ஆ) இறுக்கமான ஷூ போல, சிறிய அழுத்தமே ஆனாலும் மணிக்கணக்கில் நீடித்து இரத்த ஓட்டத்தைத் தடுப்பது.

இ) ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழும் நடுத்தரமான அழுத்தம். அதாவது, சாதாரண நடை.

ஈ) ஏற்கெனவே சீழ் பிடித்த பாதத்தின்மேல் ஊன்றி நடப்பது.

முதல் காரணத்தையே நாம் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் உள்ளங்கால் புண்கள் பெரும்பாலும் மூன்றாவது காரணத்தால் வருகின்றன. நலமுள்ள கால் சற்றுக் கடுத்தாலே நாம் அறியாமல் நடையை மாற்றி, பாரத்தை வேறிடத்தில் போடுகிறோம். மரத்த கால் அப்படி மாற்றுவதில்லை. அதே இடத்தையே மிதித்துக்கொண்டிருக்கிறது.

பிராண்ட் 2003-ல் காலமானார். கொல்லிமலையின் பெயரைக் கேட்டிராத கிளாஸ்கோ மாணவரும் இன்று இந்தப் பாடத்தைப் படிக்கிறார்.

5. ஒரு நைலான் இழை

மரத்துப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியைக் கேட்டுப் பயனில்லை. "என் கால் நன்றாகத்தான் இருக்கிறது, வலியே இல்லை" என்பார். ஆகவே மாணவர் கையில் ஒரு நைலான் இழை கொடுக்கப்படுகிறது. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால், சரியாக 10 கிராம் விசையில் அது வளையும், அதற்குமேல் அழுத்தாது.

இவ்விழை முறை மூளைக்காயம் பட்டவர்களின் உணர்வை அளக்க அமெரிக்காவில் உருவானது. கார்வில் மருத்துவமனையைச் சேர்ந்த இருவர் தொழுநோயாளிகள், நீரிழிவு நோயாளிகள் ஆகிய இரு சாராரின் பாதங்களிலும் இதைச் சோதித்து, 10 கிராம் இழையை உணர முடியாத பாதமே புண்ணுக்கு ஆளாகும் பாதம் என்று 1986-ல் எழுதினார்கள். இன்று உலகமெங்கும் பாத மருத்துவ நிலையங்களில் இந்த இழை இருக்கிறது. தொழுநோயாளிகளின் பாதங்களில் கற்றது எல்லாருடைய பாதங்களுக்கும் பயன்படுகிறது!

பயன்படுத்துவதிலும் ஒழுங்கு உண்டு. நோயாளி கண்களை மூட வேண்டும். பெருவிரலின் அடிப்பக்கத்திலும், விரல்களுக்குச் சற்றுப் பின்னால் பாரம் விழும் மேடுகளிலும் ஓரிரு விநாடி வைத்து எடுக்க வேண்டும். காய்ப்பின்மேல் வைக்கக்கூடாது. "இப்போது தெரிகிறதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு விடையைச் சொல்லிக்கொடுக்கக்கூடாது. ஒரே இழையால் தொடர்ந்து பலரைச் சோதித்தால் அது தளர்ந்து பொய் சொல்லும். ஆகையால் சுமார் பத்துப் பேருக்குப்பின் அதற்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். இத்துடன் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

6. இரத்தம் வருகிறதா?

உணர்வுக்கு அடுத்தது இரத்த ஓட்டம். புறங்காலிலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பார்க்க மாணவர்கள் பழகுகிறார்கள். விரலுக்கு அகப்படாத நாடியை டாப்ளர் கருவியால் கேட்கிறார்கள். பிறகு கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. 0.9-க்குக் குறைந்தால் காலின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுவதுண்டு. அப்போது கருவி பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். எண்ணை நம்பி அனுப்பிவிட்டால் ஆள் ஏமாந்துபோவார். ஆகவே கால்விரலின் அழுத்தத்தைத் தனியே அளக்கவும், தோலின் நிறத்தையும் குளிர்ச்சியையும் கவனிக்கவும் கற்பிக்கிறார்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் கத்தி வைப்பதற்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். ஆரோக்கியமான காலில் ஒரு வாரத்தில் ஆறும் சிறு கீறல், இக்காலில் ஆறாமலே போகலாம்.

7. வலிக்காதவரை உட்கார வைப்பது

புண் வந்துவிட்டால்? கட்டுப் போடுவதும் மருந்து போடுவதும் பாதி வேலைதான். புண்ணின்மேல் பாரம் விழாமல் செய்வதே மறுபாதி. பாதத்தின் வடிவத்தோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை போடும் ஒரு வகை மாவுக்கட்டு உண்டு. அது பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பி, புண்ணிருக்கும் இடத்தைக் காக்கிறது. தொழுநோய் சிகிச்சையில் பயன்பட்டுவந்த இம்முறையை அமெரிக்காவில் பரவச் செய்தவர்களில் பிராண்ட் முக்கியமானவர். இரத்த ஓட்டம் நன்றாக இருந்து சீழும் இல்லாவிட்டால், மாதக்கணக்கில் ஆறாத புண்ணும் இக்கட்டுக்குள் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறத் தொடங்குகிறது. எளிதில் கழற்ற முடியாத கட்டையே இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்களும் உள்ளங்கால் புண்ணுக்கு முதலில் பரிந்துரைக்கின்றன. காரணம் மனித இயல்பு. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவோம். வலிக்காத காலை ஊன்றாமல் இருப்பது எவ்வளவு கடினம்!

ஆகவே பேச்சுக்கலையும் பாடத்தில் ஒன்று. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்பவரிடம், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும் என்கிற பாட்டியம்மாவிடம், என்ன சொல்வது? "நடக்காதீர்கள்" என்று உத்தரவிடுவதில் பயனில்லை. அவருடைய வீடு, வேலை, மாடிப்படி எல்லாவற்றையும் கேட்டறிந்து, அவரால் கைக்கொள்ளக்கூடிய ஒரு வழியைச் சேர்ந்து காண வேண்டும்.

8. இறுதி ஆண்டு: நகம் வெட்ட வந்தவர்

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். குனிய முடியாததால் நகம் வெட்டிக்கொள்ள வருகிறார். வேறு குறை ஒன்றும் இல்லை என்கிறார்.

பயிற்சி இல்லாதவர் நகத்தை வெட்டி அனுப்பிவிடுவார். இறுதி ஆண்டு மாணவி முதலில் இரண்டு ஷூக்களுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்கிறாள். வலது ஷூவுக்குள் உதிர்ந்து விழுந்த ஒரு சட்டைப் பித்தான் கிடக்கிறது, எத்தனை நாளாகவோ! அந்தப் பாதத்தில் பெருவிரலின் அடி மேட்டில் ஒரு காய்ப்பு. அதன் நடுவில் கரும்புள்ளி. அது அழுக்கல்ல, தோலுக்குள் கசிந்த இரத்தம் என்று அவள் அறிவாள். இழையை வைக்கிறாள், அவருக்குத் தெரியவில்லை. நாடி நன்றாக இருக்கிறது. காய்ப்பை மெதுவாகச் சீவுகிறாள். அடியில் சிறு குழி, கொஞ்சம் சீழ். கிருமி நீக்கிய மழுங்கிய கம்பியால் குழியின் ஆழத்தைப் பார்க்கிறாள். கம்பி எலும்பில் தட்டுகிறதா? தட்டினால் எலும்பிலும் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இனி நேரம் முக்கியம். இப்படிப்பட்ட பாதத்தை ஒரு வேலை நாளுக்குள் பாத மருத்துவக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்பது இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல். அக்குழுவில் நீரிழிவு மருத்துவர், அறுவை மருத்துவர், பொடியாட்ரிஸ்ட், செவிலியர், காலணி செய்பவர் ஆகியோர் சேர்ந்து பணியாற்றுகிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1981-ல் இவ்வாறு ஒரு கூட்டு நிலையம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அங்கே கால் எடுக்கும் அறுவை குறைந்தது.

மற்றொரு நோயாளியின் பாதம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. புண் இல்லை, வலியும் அதிகம் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடக்கவிடலாமா? வெப்பமானியால் இரு பாதங்களையும் அளக்கிறார்கள். ஒன்றைவிட மற்றொன்று இரண்டு டிகிரி செல்சியசுக்குமேல் சூடாக இருக்கிறது. மரத்த காலில் எலும்புகள் உள்ளுக்குள்ளே நொறுங்கும் "ஷார்கோ பாதம்" என்னும் நிலையாக இது இருக்கலாம். உடனே கட்டுப் போட்டுப் பாரத்தைக் குறைத்தால் பாதத்தின் வடிவம் பிழைக்கும். சில வாரம் நடக்கவிட்டால் உள்ளங்கால் படகின் அடிப்பக்கம்போல் பிதுங்கி, அங்கே புண் உண்டாகும்.

ஆம், நகம் வெட்ட இவ்வளவு படிப்பு வேண்டாம்தான். நகம் வெட்ட வந்தவரின் காலைக் காப்பாற்ற வேண்டும்.

9. படிக்க விரும்புவோருக்கு

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகச் சில குறிப்புகள். பள்ளி இறுதியில் உயிரியல் அல்லது வேறோர் அறிவியல் பாடம் பொதுவாகத் தேவைப்படும். தகுதியுள்ள சுகாதாரத் துறை மாணவர்களுக்கு இங்கிலாந்தில் 2020-ல் ஆண்டுக்கு 5000 பவுண்டு உதவித்தொகை தொடங்கப்பட்டது. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. தொகையும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. சேரும் ஆண்டில் பல்கலைக்கழகத்திடமே கேட்டறிவது நல்லது. படிப்பு அரசுப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்றதுதானா என்பதை முதலாவது உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் இப்படிப்பட்ட தனிப் பட்டப்படிப்பு இன்னும் பரவலாக இல்லை. இங்கே இப்பணியை அறுவை மருத்துவர்கள், நீரிழிவு மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்கள், காலணி செய்யும் தொழில்நுட்பர்கள் பகிர்ந்து செய்கிறார்கள். இவர்களில் யார் விரும்பினாலும் பாதப் பராமரிப்பில் கூடுதல் பயிற்சி பெறலாம்.

மூக்கைச் சுளிக்காமல் பிறர் காலைக் கையில் எடுக்கும் மனம், பொறுமை, நுணுக்கமான கைவேலை ஆகிய மூன்றும் இருந்தால் இது மனநிறைவு தரும் தொழில். இதில் பெயரும் புகழும் குறைவு. காப்பாற்றப்பட்ட காலை யாரும் எண்ணுவதில்லை; எடுக்கப்பட்ட கால் மட்டுமே கணக்கில் வரும்.

10. வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் இன்றிரவே ஓர் எளிய சோதனை செய்யலாம். இதற்குக் கருவி ஏதும் வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கி, 2011-ல் வெளியிட்ட முறை இது. அவரைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை ஓரிரு விநாடி இலேசாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம், தடவ வேண்டாம். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் தொடுங்கள். தொட்டது தெரிந்தவுடன் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்குமேல் தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இச்சோதனை மருத்துவரின் வருடாந்தரப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மரத்த கால் உள்ளவர்கள் நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை:

* தினமும் இரு உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம்.

* செருப்பு, ஷூ எதுவானாலும் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

* வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் உள்ளவர்கள், வெயிலில் காய்ந்த தரை காலைச் சுட்டாலும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். சுத்தமான காலுறையோடு, தரை சூடேறுமுன் போங்கள்.

* விரலிடுக்கில் வார் வைத்த ஹவாய் செருப்பு மரத்த காலிலிருந்து நழுவினாலும் தெரியாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது.

* வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள்.

* கால் ஆணியை பிளேடால் அறுப்பதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் கூடாது. அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

* வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவாமல் ஈரம் துடைத்து வையுங்கள்.

* புண், சீழ், திடீர் வீக்கம், நிறமாற்றம், ஒரு காலில் மட்டும் சூடு ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே காட்டுங்கள். "வலிக்கவில்லையே" என்று காத்திருக்க வேண்டாம்.

சிந்தித்து விடை காண

1. மரத்துப்போன பாதத்துக்குக் கேடு வரும் நான்கு விதங்கள் எவை? உங்கள் வீட்டில் எது அதிகம் நிகழக்கூடும்?

2. காய்ப்பைச் சீவி எடுப்பது மட்டும் ஏன் போதாது?

3. தொழுநோயாளிகளின் பாதங்களில் கற்ற பாடம் நீரிழிவு உள்ளவர்களுக்கு எவ்வாறு பயன்பட்டது?

4. "வலி இல்லை" என்று உங்கள் வீட்டில் சொல்பவர் யார்? அவருடைய உள்ளங்காலை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?